1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், நிலக்காரரிடம் கட்டுண்டு உழைத்த பண்ணையாளை விடுவித்ததா?

செம்பியன்:
எல்லன்பரோ பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, 1843 ஏப்ரலில் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அரசு இயற்றிய ஐந்தாம் சட்டத்தை ‘அடிமை ஒழிப்புச் சட்டம்’ என்றே பலரும் எழுதுகிறார்கள். அதில் இருப்பவை நான்கே பிரிவுகள். வரிப் பாக்கிக்காகவோ தீர்ப்பை நிறைவேற்றவோ ஆளை ஏலம் விடக் கூடாது. ஒருவரை அடிமை என்று சொல்லி உரிமை கோரினால் நீதிமன்றம் அதை அமல்படுத்தாது. அடிமை என்பதற்காக ஒருவர் சேர்த்த சொத்தைப் பறிக்கக் கூடாது. சுதந்திர மனிதருக்குச் செய்தால் குற்றமாவது அடிமை எனப்படுபவருக்குச் செய்தாலும் குற்றமே. ஆளை அடிமையாக வைத்திருப்பதே குற்றம் என்று ஒரு வரிகூட இல்லை.

வழக்காடி:
நீதிமன்றம் காக்காத உரிமை எப்படி ஐயா சொத்தாகும்? ஓடிப்போனவரைப் பிடித்துத் தரச் சொல்லி நிலக்காரரான மிராசுதார் மனுப் போட முடியாமல் போனதே பெரிய மாற்றம். 1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மேற்கிந்தியத் தீவுகள் போன்ற காலனிகளின் எஜமானர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. கும்பினியின் பகுதிகளையும் இலங்கையையும் அதே சட்டம் விலக்கி வைத்தது. பத்து ஆண்டு கழித்து இங்கே வந்த சட்டம் எஜமானருக்குச் சல்லிக்காசு கொடுக்கவில்லை. நான்காம் பிரிவின்படி, ஆளைக் கட்டிவைத்து அடித்தால் ‘என் அடிமை’ என்ற பதில் செல்லாது.

செம்பியன்:
அடிபட்டவர் யாரிடம் போய்ச் சொல்வார்? தஞ்சைப் பண்ணையாளின் குடிசை நின்றது மிராசுதார் மனையில். கலியாணத்துக்கு வாங்கிய சில கலம் நெல் கடனாகி மகன் தலையிலும் ஏறியது. விலகினால் கூரையும் போய்விடும் என்ற நிலையில், ஆளை நிறுத்தி வைக்க எஜமானருக்கு நீதிமன்றம் தேவைப்படவே இல்லை. முன்பணம் வாங்கி வேலையை முடிக்காத தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப 1859-இல் தனிச் சட்டமே வந்ததையும் மறக்க வேண்டாம்.

வழக்காடி:
1859-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கென வந்து, பிறகே வெளியே நீட்டிக்கப்பட்டது. அதன் அடிப்படை ஒப்பந்தம், பிறப்பு அல்ல. 1862 முதல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவோ, ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் ஏழு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. 1843-இல் கதவு திறக்காமல் இது வந்திருக்குமா? குடிசை மனை பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். ஆனால் அது நிலச் சட்டத்தின் குறை.

செம்பியன்:
நிலத்தை விற்கும்போது ஆளையும் சேர்த்தே எழுதிக் கொடுத்த ஊர்களில் அந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது? குடியிருந்த மனையை விவசாயத் தொழிலாளிக்கே உரிமையாக்கிய தமிழ்நாட்டுக் குடியிருப்புச் சட்டம் வந்தது 1971-இல். நீங்கள் சொல்லும் கதவு திறந்து 128 ஆண்டுகள் கழித்து.