புளூடூத் ஹெட்செட்டில் மைக் திறந்ததும் சத்தம் கெடுகிறது: எல்ஈ ஆடியோ டொங்கிள் பாவிப்பவர்கள் உதவுங்கோ

வெள்ளவத்தையில் ஒரு டெஸ்க்டொப், விண்டோஸ் 11. யூஎஸ்பி புளூடூத் 5.0 டொங்கிள் (கணினிக்குப் புளூடூத் தரும் சின்னக் குச்சி) பின்பக்கம் இருந்தது. பக்கத்துத் துவாரத்தில் யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கைக் குத்தி கோப்புப் பிரதி எடுத்தால் பாட்டு விட்டுவிட்டுக் கேட்டது. யூஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் விழுகிறது. புளூடூத் ஓடுவதும் அங்கேதான், 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை. ஒரு மீற்றர் யூஎஸ்பி 2.0 நீட்டிப்பு வயரில் டொங்கிளை மேசைக்கு மேலே கொண்டுவந்ததும் அது சரி. வைஃபையையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியாச்சு.

மிச்சம் இருப்பது மற்றப் பிரச்சினை. ஸூமில் ஹெட்செட் மைக்கைத் திறந்த உடனே குரல் பழைய லேண்ட்லைன் மாதிரி ஆகிறது. காரணம் தெரியும்: ஏ2டிபி (பாட்டுக் கேட்கிற புளூடூத் முறை) ஒருவழி ஸ்டீரியோ, மைக் வேண்டுமென்றால் எச்எஃப்பிக்கு (அழைப்புக்கான முறை) இறங்க வேணும், அதில் மோனோதான், எம்எஸ்பிசி கோடெக் (குரலைச் சுருக்கி அனுப்பும் முறை) என்றாலும் 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங். டிரைவரை அழித்துத் திரும்பப் போடச் சொல்லாதேங்கோ, அதால் இது மாறாது. இப்போதைக்கு வெப்கேம் மைக்கை இன்புட்டாக வைத்துச் சமாளிக்கிறது. ஆனால் மின்விசிறிச் சத்தம் முழுக்க அதில் ஏறுகிறது.

ஹெட்செட்டில் எல்ஈ ஆடியோ (மைக் திறந்திருந்தாலும் நல்ல சத்தம் தரக்கூடிய புதிய புளூடூத் முறை) இருக்கு. கேள்வி இதுதான்: விண்டோஸ் 11 புளூடூத் அமைப்பில் எல்ஈ ஆடியோ சுவிட்சை உண்மையாகவே காட்டுகிற டொங்கிள் எது? பெட்டியில் புளூடூத் 5.3 என்று அடித்திருந்தால் மட்டும் போதாது, அந்த வசதி கட்டாயமில்லை. பாவித்துப் பார்த்தவர்கள் மொடலையும் சிப்பையும் சொல்லுங்கோ. யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ கிடைத்தால் விலையையும் போடுங்கோ.