புதிய தளம் தேடலில் எப்போது தெரிந்தது? அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோரைப்பாய் தம்பி எழுதியது:

என் லாத்தா (அக்கா) பத்தமடையில் பாய் நெய்கிறார். கல்யாணத்துக்கு மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவார்களே, அந்த வேலை. கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, இழை இழையாகக் கிழித்து, சாயம் ஏற்றி, தறியில் உட்கார்ந்தால் முதுகு போய்விடும். இடையில் வாங்கி விற்பவர் வைக்கும் விலையைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்து, "லாத்தா, நாமே இணையத்தில் விற்போம்" என்று ஆசை காட்டியவன் நான்தான்.

தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு தளம் போட்டேன். படங்களை ஏற்றினேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எல்லோரும் வாழ்த்தினார்கள், ஒருவரும் வாங்கவில்லை. அவர்களுக்குப் பாய் சும்மாவே கிடைத்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.

கூகுளில் தளத்தின் பெயரையே போட்டுத் தேடினாலும் எங்களைக் காணோம். 'பத்தமடை பாய்' என்று போட்டால் ஊரில் உள்ள எல்லாக் கடையும் வருகிறது, நாங்கள் வரவில்லை. வெறும் 'பாய்' என்று போட்டால் பிரியாணிக் கடை வருகிறது. அதற்குக் கூகுளைக் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை தோறும் லாத்தா கேட்பார்: "தம்பி, கடையைத் திறந்துவிட்டாயா, இல்லை இன்னும் பூட்டித்தான் வைத்திருக்கிறாயா?"

அவர் விளையாட்டாகக் கேட்டதுதான் உண்மை. பத்து வாரம் கழித்து ஓர் இரவு, வேர்ட்பிரஸ் நிர்வாகப் பக்கத்தில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது முகப்பில் ஒரு சின்ன வரி கண்ணில் பட்டது. தேடுபொறிகளுக்குத் தடை சொல்லப்பட்டிருக்கிறது என்று பொருள்படும் வரி. அதைச் சொடுக்கினால் வாசிப்பு அமைப்புகள் திறந்தன. கடைசியில் ஒரு சதுரக் கட்டம், அதற்குள் ஒரு டிக். தளம் கட்டி முடியும்வரை யாரும் பார்க்க வேண்டாம் என்று நானே போட்ட டிக். பத்து வாரமாக ஒவ்வொரு பக்கமும் தேடுபொறியிடம் "என்னைச் சேர்த்துக்கொள்ளாதே" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த இடைவெளியில், முதல் பக்கத்துக்கு உத்தரவாதம் தருகிறோம், 15,000 ரூபாய் போதும் என்று தொலைபேசியில் பேசிய ஒரு நிறுவனத்துக்குப் பணம் அனுப்பக் கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன்.

டிக்கை எடுத்தேன். தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் வைத்திருக்கும் சர்ச் கன்சோலில் தளம் என்னுடையதுதான் என்று நிரூபித்து, பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பின் முகவரியைக் கொடுத்தேன். ஆறாம் நாள் முகப்புப் பக்கம் தேடலில் வந்தது. ஆனால் இருபத்திரண்டு பாய்களின் பக்கங்களில் மூன்றுதான் ஏறியிருக்கின்றன. மற்றவற்றுக்கு 'ஊர்ந்து பார்க்கப்பட்டது, தற்போது குறியிடப்படவில்லை' என்று காட்டுகிறது, அதாவது கூகுள் வந்து பார்த்தது, பட்டியலில் சேர்க்கவில்லை. தினமும் காலையில் குறியிடக் கோரும் பொத்தானை அழுத்துகிறேன். உங்களுக்கெல்லாம் எப்படி நடந்தது?

பழைய எழுத்துரு எழுதியது:

தம்பி, உங்களுடையது பத்து வாரம். என் முதல் தளம் நான்கு வருடம் யார் தேடலிலும் வரவில்லை. வரவில்லை என்பதே எனக்குத் தெரியாது.

2001இல் தொடங்கினேன். அப்போது தளத்துக்குத் தளம் எழுத்துரு வேறு. வாசகர் முதலில் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும், பிறகுதான் கதை. திரையில் பார்த்தால் அழகான தமிழ். அடியில் இருந்ததோ ரோமன் எழுத்தும் ஐரோப்பியக் குறிகளும் கலந்த கூளம். தேடுபொறி படித்தது அந்தக் கூளத்தை. நான் என் கதையின் தலைப்பைத் தமிழில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

2005இல் எல்லாவற்றையும் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறைக்கு மாற்றினேன். நான் முன்பு எழுதிய திஸ்கி என்ற பழைய குறிமுறையில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் பின்னால் சேமிக்கப்படும். நான் நம்பிய மாற்றி அதைச் சரியாகச் செய்யவில்லை. 'கொடு' என்று வர வேண்டிய இடத்தில் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் நின்றன. நாற்பது கதைகளைக் கையால் திருத்தினேன். திருத்திய கதைகள்தான் முதலில் தேடலில் வந்தன.

'தளத்தைச் சேர்' என்பதற்கு அப்போது இருந்த பொருளே வேறு. தளங்களை வகைபிரித்துப் பட்டியலிட்ட டிமோஸ் என்ற திறந்த அடைவில் விண்ணப்பித்துவிட்டு, எங்கோ இருக்கும் தன்னார்வலர் ஒருவர் பார்த்து ஏற்கும்வரை மாதக்கணக்கில் காத்திருப்போம். யாகூ அடைவு 2014இல் போயிற்று, டிமோஸ் 2017 மார்ச்சில் மூடியது. யார் வேண்டுமானாலும் முகவரியைக் கொடுக்கலாம் என்றிருந்த கூகுளின் பொதுப் படிவத்தையும் 2018இல் எடுத்துவிட்டார்கள். அடைவில் என் தளம் ஏறியதா என்று இன்றுவரை தெரியாது. எனக்கு ஆள் வந்தது, வலைப்பதிவுகளின் புது இடுகைகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் திரட்டியிலிருந்து. அங்கே இடுகை தெரிந்தது, படித்தவர்கள் தங்கள் பதிவுகளில் சுட்டி கொடுத்தார்கள், அந்தச் சுட்டிகளைப் பிடித்துக்கொண்டு, தேடுபொறிக்காகப் பக்கம் பக்கமாகப் படித்துவரும் சிலந்தி என்ற நிரலும் வந்து சேர்ந்தது.

இன்னொன்று. பக்க முகவரியில் தமிழ் வைத்திருக்கிறீர்களா? தேடுபொறிக்கு அதில் தடையில்லை. ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது குறியாக விரிந்துவிடும். 'பத்தமடை' என்ற ஒரு சொல், புள்ளியையும் ஐகாரக் கொம்பையும் சேர்த்து எண்ணினால் ஏழு குறி. விரிந்தால் அறுபத்து மூன்று. வாட்ஸ்அப்பில் அதைப் பார்த்த என் மைத்துனர், வைரஸ் என்று நினைத்துக் குழுவிலிருந்தே என்னை நீக்கிவிட்டார்.

சம்பா வீட்டுக்காரி எழுதியது:

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம். பாரம்பரிய அரிசி விற்கிறோம். எங்கள் தளம் மூன்றே நாளில் தேடலில் ஏறிவிட்டது. ஆனால் பார்க்க ஆளில்லை. கடை திறந்திருக்கிறது, தெருவில்தான் நடமாட்டம் இல்லை.

'இயற்கை வேளாண்மையின் மகத்துவம்' என்று தலைப்பு வைத்திருந்தேன். கல்லூரியில் தமிழ் படித்தவள், தலைப்பு என்றால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று எண்ணம். விலைப்பட்டியலைச் சுவரொட்டி போல ஒரே படமாகப் போட்டிருந்தேன். அரிசியின் பெயர், எடை, விலை எல்லாம் படத்துக்குள். பக்கத்தில் எழுத்து என்று பார்த்தால் 'வருக வருக' மட்டும்தான்.

சர்ச் கன்சோலில், மக்கள் எந்தச் சொல்லைத் தட்டியபோது நம் பக்கம் காட்டப்பட்டது என்ற கணக்கு இருக்கிறது. பதினாறு மாதம் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். அதைத் திறந்து பார்த்த அன்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மகத்துவத்தை ஒருவரும் தேடவில்லை. தமிழ்ச் சொல்லையே பெரும்பாலோர் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். மாப்பிள்ளைச் சம்பாவில் 'ப்' ஒன்றா இரண்டா, 'ள்' ஒன்றா இரண்டா என்பதில் ஆளுக்கொரு கட்சி. ஒரே அரிசிக்கு ஐந்து எழுத்துக்கூட்டல் எண்ணினேன். நல்ல வேளை, தேடுபொறி இவற்றில் பெரும்பாலானவற்றை ஒன்றென்று புரிந்துகொள்கிறது. நாம் ஐந்தையும் பக்கத்தில் கொட்ட வேண்டியதில்லை. தமிழில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை எழுதியதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதைவிடப் பெரிய பாடம் தொலைபேசியில் கிடைத்தது. வாங்கியவர்கள் திரும்பக் கூப்பிட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: "அம்மா, இதை எத்தனை மணி நேரம் ஊற வைக்க வேண்டும்? குக்கரில் எத்தனை விசில்?" நான் தினமும் வாயால் சொன்ன பதிலை அப்படியே ஒரு பக்கமாக எழுதினேன். இரவே ஊறப்போடுவது, தண்ணீர் அளவு, முதல் முறை கஞ்சியாகச் செய்து பழகுவது, குழந்தைக்கு எப்படி என்று எல்லாம். இன்று எங்கள் தளத்துக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்தின் வழியாகத்தான் வருகிறார்கள். அடுத்ததாக அதிகம் தேடப்படுவது சர்க்கரை நோய்க்கான அரிசி. 'சர்க்கரையை விரட்டும்' என்று தலைப்பு வைத்தால் கூட்டம் வரும் என்று என் கொழுந்தனார் சொன்னார். வைக்கவில்லை. யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

பாய்க்காரத் தம்பி, உங்கள் இருபத்திரண்டு பக்கங்களிலும் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

கோரைப்பாய் தம்பி எழுதியது:

'அழகிய கைத்தறிப் பாய். தொடர்புக்கு அழைக்கவும்.' இருபத்திரண்டிலும் இதேதான் அக்கா.

சம்பா வீட்டுக்காரி எழுதியது:

அப்படியானால் சிலந்தி சரியாகத்தான் செய்திருக்கிறது.

இரவுப்பணி எழுதியது:

நான் தளம் கட்டிக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்கிறேன். அதனால் இது பாவமன்னிப்பு.

ஒரு பள்ளிக்கூடத்தின் தளத்தைப் புதுப்பித்தேன். சோதனைச் சர்வரில், சிலந்திகள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் இரண்டே வரி: எல்லாச் சிலந்திகளுக்கும் எல்லாம் தடை. அந்தக் கோப்பும் சேர்ந்து உண்மையான தளத்துக்குப் போய்விட்டது. போதாததற்குப் பழைய பக்க முகவரிகளை எல்லாம் மாற்றியிருந்தேன், பழையதைத் தட்டியவரைப் புதியதற்குக் கொண்டுபோகும் 301 திருப்பம் வைக்கவில்லை. ஒரு மாதத்தில் பத்து வருடம் சேர்த்த பெயர் கரைந்தது. தலைமை ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. "சேர்க்கை நேரம் தம்பி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

இதில் பலர் குழம்பும் ஒரு நுணுக்கம். ரோபாட்ஸ் கோப்பு 1994 முதல் இருக்கிற மரியாதை வழக்கம், 2022இல்தான் முறையான இணையத் தரமாயிற்று. அது 'உள்ளே வராதே' என்கிறது. வேர்ட்பிரஸ் டிக் இப்போது பக்கத்திலேயே எழுதி வைப்பது 'பட்டியலில் சேர்க்காதே'. இரண்டையும் சேர்த்துப் போட்டால், உள்ளே வர முடியாத சிலந்திக்கு 'சேர்க்காதே' என்ற அறிவிப்பே கண்ணில் படாது. வேறு யாராவது சுட்டி கொடுத்திருந்தால், விவரம் எதுவும் இல்லாமல் மொட்டை முகவரி மட்டும் தேடலில் வந்து நிற்கும். அந்தப் பள்ளிக்கு அப்படித்தான் நின்றது.

உத்தரவாதம் பேசிய அந்த நிறுவனத்தைப் பற்றி: முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. நானும் ஒரு காலத்தில் அந்தப் பக்கம் நின்றவன். 2011இல் ஒரு வாடிக்கையாளருக்காக 3,000 ரூபாய்க்கு ஆயிரம் இணைப்புகள் வாங்கினேன். சம்பந்தமே இல்லாத தளங்களின் அடியில் அவர் கடைப் பெயர். நான்கு மாதம் ராஜ வாழ்க்கை. 2012 ஏப்ரலில், இப்படி வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்த கூகுளின் பெங்குவின் மாற்றம் வந்தது, மறுவாரமே வருகை பாதாளத்துக்குப் போயிற்று. வாங்கிய இணைப்புகளை நீக்கச் சொல்லி ஒவ்வொரு தளத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். சிலர் நீக்குவதற்கும் பணம் கேட்டார்கள்.

பொத்தானைத் தினமும் அழுத்தாதீர்கள். ஒரே முகவரியைப் பல முறை கொடுத்தாலும் வரிசையில் முன்னால் போகாது. பிங் தேடுபொறியையும் மறக்க வேண்டாம். சர்ச் கன்சோலில் இருப்பதை அப்படியே அங்கே இறக்கிக்கொள்ளலாம், பத்து நிமிட வேலை.

கோரைப்பாய் தம்பி எழுதியது:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். லாத்தாவின் பக்கத்தில் கைப்பேசியை வைத்து அவர் பேச்சைப் பதிவு செய்து, இருபத்திரண்டு பக்கங்களையும் திருப்பி எழுதினேன். ஒரே மாதிரி இருந்த எட்டை எடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், எந்தச் சாயம் முதலில் வெளுக்கும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தால் என்ன செய்வது என்று அவர் சொன்னபடியே போட்டேன். கைவினைப் பொருள்களைப் பற்றி எழுதும் ஒருவர் பூஞ்சைப் பக்கத்துக்குச் சுட்டி கொடுத்திருக்கிறார். நான் கேட்கக்கூட இல்லை. பதினான்கில் பதினொன்று இப்போது தேடலில் இருக்கின்றன. 'பத்தமடை பாய்' என்று தேடினால் இன்னும் மூன்றாம் பக்கத்தில்தான் கிடக்கிறோம்.

போன செவ்வாய்க்கிழமை புனேயிலிருந்து ஒருவர் அழைத்தார். லாத்தா கையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டார்: "நம் சொந்தமா?" இல்லை, யாரென்றே தெரியாது, தேடி வந்தவர் என்றேன். மகள் கல்யாணத்துக்குப் பாய் வேண்டுமாம். மணமக்கள் பெயரை ஆங்கிலத்தில் தட்டி அனுப்பியிருந்தார். லாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது கமலமா, கமலாவா என்று கேள். நெய்துவிட்டால் திருத்த முடியாது."