மறு: கட் கட்டளைக்கு ‘வெட்டு’ சரிவருமா?

> ‘வெட்டு’ என்றே வைத்துவிடலாமே. பெயரின் பொருளே அதுதானே?

வணக்கம் அண்ணா,

எனக்கு ஒட்டவில்லை. எடிட்டரில் வெட்டினால் வெட்டிய இடம் காலியாகிவிடும். லினக்ஸின் கட் (cut) கட்டளை அப்படியல்ல, மூலக் கோப்பைத் தொடாமல், ஒவ்வொரு வரியிலும், கேட்ட பகுதியை மட்டும் திரையில் காட்டும். நாம் மொழிபெயர்க்கும் கையேட்டில் ‘வரியை வெட்டுக’ என்று போட்டால், புதிதாக வருபவர் கோப்பே போய்விடுமோ என்று பயப்படுவார்.

லினக்ஸில் பயனர் பட்டியல் இருக்கும் கோப்பைப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் முக்காற்புள்ளி பிரிக்கும் 7 பகுதிகள். 1ஆம், 7ஆம் பகுதிகள் வேண்டும் என்று கட்டைக் கேட்டால் பயனர் பெயரும் அவருடைய ஷெல்லும் (அவர் தரும் கட்டளைகளை வாங்கி இயக்கும் புரோகிராம்) வரும். (7, 1 என்று மாற்றிக் கேட்டாலும் 1, 7 வரிசையில்தான் தரும். இது தெரியாமல் ஒரு மாலை முழுக்கத் தொலைத்தேன்.) சந்தையில் கத்தரிக்காயைக் கூறு கட்டி வைப்பார்களே, அதுதான் எனக்கு நினைவு வந்தது. பகுதிக்குக் ‘கூறு’, செயலுக்குக் ‘கூறெடு’ என்று வைக்கலாமா?

பகுதிக்கு ‘புலம்’ (field) என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். தரவுத்தளத்தில் அது நன்றாகவே நிற்கிறது. அங்கே ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. இங்கே வெறும் எண்தான். ‘நிரல்’ வேண்டவே வேண்டாம். கணக்குப் புத்தகத்தில் அது அணியின் செங்குத்து வரிசை, கணினியிலோ புரோகிராம்.

பகுதிகளைப் பிரிக்கும் டிலிமிட்டருக்கு (delimiter) வைத்த ‘பிரிப்பான்’ பற்றிச் சண்டையில்லை. ஆனால் அது ஏதோ கருவி மாதிரி ஒலிக்கிறது. இங்கே இருப்பது ஒரு குறி, நாம் எதுவும் சொல்லாவிட்டால் டேப். ‘பிரிகுறி’ போதும்.

என்னை உண்மையில் உறுத்துவது, பகுதிக்குப் பதில் இத்தனையாவது கேரக்டர் (character) என்று கேட்க உதவும் ‘சி’ (-c) என்ற தெரிவு. அதை ‘எழுத்து’ என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். ‘தமிழ்’ நமக்கு 3 எழுத்து, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 5 குறி, அதைக் கோப்பில் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் 15 பைட்டு. என் உபுண்டுவில் முதல் ‘எழுத்தை’க் கேட்டேன், உடைந்த குறி ஒன்றுதான் வந்தது. 1 முதல் 3 வரை கேட்டபோதுதான் ‘த’ வந்தது. ‘மி’ வேண்டுமென்றால் 4 முதல் 9 வரை கேட்க வேண்டும்! அங்கே இருக்கும் பதிப்பு எண்ணுவது பைட்டைத்தான். பைட்டுக்கென்று ‘பி’ (-b) தெரிவு தனியாக இருப்பதால் இரண்டுக்கும் ‘பைட்டு’ என்றும் போட முடியாது.

‘எழுத்து’ என்று போட்டால் நம் ஆட்கள்தான் முதலில் ஏமாறுவார்கள். வேறு மொழி வாசகருக்கு ஓர் எழுத்து ஒரு பைட்டாகப் பொருந்திவிடலாம், நமக்கு ஒருபோதும் பொருந்தாது. ‘குறி’ என்றால் பிரிகுறியோடு குழம்பும். ‘குறியுரு’ என்று யோசித்தேன், வாயில் நுழையவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?