அந்த ஒரு வரியில் மட்டும் வாயை மூடிக்கொள்வேன்

ஆண்டவருடைய சித்தத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுத்த அனுபவத்தை இங்கே பலரும் பகிர்ந்திருக்கிறீர்கள். எனக்கு அது லேசில் வரவில்லை.

2021-இல் அம்மாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. ஞாயிறு பள்ளியில் எத்தனையோ வருஷம் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவருக்கு என் பெயரே வரவில்லை. என்னைப் பார்த்து "அது... அது..." என்பார், கண் கலங்கிவிடும்.

அம்மா பேச வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. உபவாசம் இருந்தேன், பொருத்தனை (நேர்த்திக்கடன்) பண்ணினேன். ஆனால் ஆராதனையில், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் சொல்லும்போது, கடவுளின் விருப்பமே நடக்கட்டும் என்கிற "உம்முடைய சித்தம்" வரி வந்தால் வாயை மூடிக்கொள்வேன். அவர் சித்தம் வேறாக இருந்துவிடுமோ என்ற பயம். ஏழு மாதம் இப்படியே போனது.

எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் சொன்னேன். அவர் கண்டிக்கவில்லை. மத்தேயு 26-ஐத் திறந்து, சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு பண்ணின கெத்செமனே ஜெபத்தை வாசிக்கச் சொன்னார். பாடுகளின் பாத்திரம் தன்னைவிட்டு "நீங்கக்கூடுமானால்" என்று முதல் தரம் கேட்கிற இயேசு, அடுத்த தரம் "நீங்கக்கூடாதாகில், உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது" என்கிறார். "ஆண்டவரே மூணு தரம் ஜெபிச்சாரும்மா. நீ கேக்குறத நிறுத்தாத" என்றார் ஐயர்.

பிறகு ஒருநாள் சாயங்கால ஜெபம். நான் ஆரம்பித்ததும் அம்மா கூடவே சொன்னார். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே..." திக்கவே இல்லை. பேச்சு போனவர்களுக்கும் மனப்பாடமான ஜெபமும் பாட்டும் சிலசமயம் மிஞ்சியிருக்கும் என்று ஸ்பீச் தெரபிஸ்ட் பின்னால் விளக்கினார். அதனால் எனக்கு அது சின்ன விஷயமாகிவிடவில்லை. "உம்முடைய ராஜ்யம் வருவதாக" வரை வந்தோம். வழக்கம்போல நிறுத்தினேன். அம்மாவும் நின்றுவிட்டார். என் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வந்திருக்கிறார். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அம்மா பின்னாலேயே சொல்லி முடித்தார்.

என் பெயர் அவருக்கு இன்னும் வரவில்லை. நானும் இன்னும் கேட்கிறேன். ஆனால் அந்த வரியை விடுவதில்லை.

பதில்:

சகோதரி, நாங்கள் கத்தோலிக்கர். அந்த வரியை "உமது திருவுளம் நிறைவேறுக" என்போம். மகன் படிப்பைப் பாதியில் விட்டு வந்ததிலிருந்து அவனோடு நான் சரியாகப் பேசவில்லை. அந்த வரியை நான் விட்டதில்லை, வேகமாகச் சொல்லித் தாண்டிவிடுவேன். உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று இரவு ஒவ்வொரு சொல்லாக, நிறுத்திச் சொன்னேன். அவன் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எழுந்துபோய்க் கதவைத் தட்டினேன்.