ஆக்டேவியா 1.9 டிடிஐ: ஒரு துளையா, மூன்று துளையா, எந்த ஹெட் காஸ்கட் வாங்குவது?

சிறுவாணிக்காரன்:
வண்டி 2005 ஸ்கோடா ஆக்டேவியா, 1.9 டிடிஐ (டர்போ டீசல்), 90 குதிரைத்திறன். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கினால் கூலன்ட் பாட்டில் பொங்கி வழிகிறது. இரவு முழுக்க நின்ற வண்டியிலும் காலையில் ரேடியேட்டர் மேல் ஹோஸை விரலால் அழுத்த முடியவில்லை. ஸ்டார்ட் செய்ததும் ஒரு சிலிண்டர் ஓடாததுபோல் குலுங்கி, வெள்ளைப் புகை விட்டு, பிறகு சரியாகிவிடுகிறது. கூலன்ட் பாட்டிலின் வாயில் குழாயை வைத்து நீல மருந்துச் சோதனை செய்தார்கள். மருந்தின் நிறம் மாறியது, அதாவது எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறது. ஹெட்டை இறக்கியாயிற்று.

குழப்பம் இனிமேல்தான். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக வைக்கும் தகடுதான் காஸ்கட்; இந்த எஞ்சினுக்கு அது மூன்று கனத்தில் வருகிறது. ஓரத்தில் இருக்கும் துளைகளை எண்ணித்தான் அடையாளம் காண வேண்டுமாம். கழற்றிய பழைய காஸ்கட்டில் மூன்று துளை இருக்கிறது. "டர்போ வண்டி, கனமானதைப் போட்டால் அழுத்தம் குறையும், இனி போகாது" என்கிறார் மெக்கானிக். செம்புக் காஸ்கட் வெட்டிப் போடச் சொல்கிறார் நண்பர் ஒருவர். லேத்காரரோ எதையும் பார்க்காமல் ஹெட்டின் முகத்தை இழைத்து மட்டமாக்கத் தயாராக நிற்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பழைய பட்டறை:
மூவர் பேச்சையும் கேட்க வேண்டாம் தம்பி, மயிரிழை உயரத்தையும் அளந்து காட்டும் டயல் கேஜ் சொல்வதைக் கேளுங்கள். இந்த எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது பிளாக்கின் மேல்தளத்தைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீட்டும். அந்த நீட்டத்தை வைத்துத்தான் காஸ்கட். நீட்டம் 0.91 முதல் 1.00 மி.மீ. வரை இருந்தால் ஒரு துளை, 1.01 முதல் 1.10 வரை இரண்டு துளை, 1.11 முதல் 1.20 வரை மூன்று துளை. கனம் முறையே 1.45, 1.53, 1.61 மி.மீ. டர்போ அழுத்தத்துக்கும் துளை எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை.

பிஸ்டனையும் பிளாக்கையும் தொடாமல் காஸ்கட் மட்டும் மாற்றினால், பழையதில் எத்தனை துளையோ அதையே போடலாம் என்பது கம்பெனிக் கையேட்டின் விதி. ஆனால் அந்தப் பழையது கம்பெனி போட்டதாக இருக்க வேண்டும். உங்கள் ஹெட் முன்பே ஒருமுறை இறங்கியிருக்கிறதா?

திண்டுக்கல் டர்போ:
நான் செம்புதான் பரிந்துரைப்பேன். பந்தய வண்டிகளில் எல்லாம் அதுதான். எரியாது, கிழியாது, கழற்றிக் காய்ச்சி மறுபடியும் போடலாம்.

பழைய பட்டறை:
பந்தய வண்டியில் பிளாக்கில் பள்ளம் வெட்டி, எஃகுக் கம்பி வளையம் பதித்து, அதன்மேல் செம்பைப் போடுகிறார்கள். வாரம் ஒருமுறை கழற்றவும் ஆள் இருக்கிறது. குடும்ப வண்டியில் வெறும் செம்புத் தகட்டை வைத்தால், சிலிண்டர் நெருப்பைத் தாங்கினாலும் தண்ணீர் வழிகளில் கசியும். பசை தடவ வேண்டும், சில நாள் ஓட்டிவிட்டு போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். பல அடுக்கு எஃகுக் காஸ்கட்டில் சிலிண்டரைச் சுற்றிப் புடைப்பு இருக்கும். எரியும் அழுத்தத்தில் ஹெட் மயிரிழை தூக்கினாலும் அந்தப் புடைப்பு விரிந்து இடைவெளியை அடைத்துவிடும். செம்புக்கு அந்தத் துள்ளல் கிடையாது.

வரைபலகை:
மெக்கானிக் சொன்ன "அழுத்தம் குறையும்" என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிலிண்டர் விட்டம் 79.5 மி.மீ., ஸ்ட்ரோக் 95.5. ஒரு சிலிண்டர் 474 சிசி. அழுத்த விகிதம் 19.5 என்றால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 25.6 சிசி. காஸ்கட்டின் கனம் ஒரு படி, அதாவது 0.08 மி.மீ., கூடினால் அந்த இடத்தில் 0.4 சிசி கூடும். விகிதம் 19.2 ஆகும். இரண்டு படி ஏறினால் ஏறக்குறைய 18.9. காஸ்கட்டைக் காப்பாற்ற இது போதாது. ஆனால் டீசல் எஞ்சின் அழுத்தச் சூட்டில்தான் எரிகிறது என்பதால் குளிர்காலக் காலையில் ஸ்டார்ட்டிங் மந்தமாவதற்கு இந்தக் குறைவும் ஒரு காரணமாகலாம். இதற்காக ஒருவர் காசு செலவழிப்பது எனக்குப் புரியவில்லை.

சிறுவாணிக்காரன்:
அண்ணா, நீங்கள் கேட்டது சரி. எனக்கு முன் வைத்திருந்தவர் காலத்திலேயே ஹெட் இறங்கியிருக்கிறது. இன்று பிஸ்டன் தலையின் கரியைச் சுரண்டிவிட்டு அளந்தோம். 0.93, 0.95, 0.96, 0.94. ஹெட்டில் நேர்கோல் வைத்து ஃபீலர் கேஜ் விட்டதில் வளைவு 0.05 மி.மீ.தான்.

பழைய பட்டறை:
எங்கே வைத்து அளந்தீர்கள்? பிஸ்டன் பின்னுக்கு நேர்மேலே, இரு பக்கமும் அளக்க வேண்டும். மற்ற இடத்தில் அளந்தால் பிஸ்டன் ஆடும் ஆட்டமும் அளவில் சேர்ந்துவிடும். அப்படி அளந்த எண்கள்தான் என்றால், இருப்பதில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். 0.96, ஆகவே ஒரு துளை. ஹெட் வளைவு 0.1 வரை அனுமதி, உங்களுடையது அதற்குள் இருக்கிறது. லேத்காரரை வீட்டுக்கு அனுப்புங்கள். இந்த டீசல் ஹெட்டை இழைக்கவே கூடாது என்றுதான் கம்பெனி சொல்கிறது.

வரைபலகை:
ஒரு நிமிடம். முன்பு மூன்று துளை போட்டவர் காரணத்தோடுதான் போட்டிருப்பாரோ? அப்போது ஹெட்டை இழைத்திருந்தால் வால்வுகள் பிஸ்டனுக்கு அருகே வந்திருக்கும். அதைச் சரிக்கட்டக் கனமானதைப் போட்டிருக்கலாம். எரியறை முழுக்க பிஸ்டன் குழியில் இருக்கிறது, ஹெட் தட்டையானது. அதனால் இழைத்தாலும் விகிதம் அவ்வளவாக மாறாது, வால்வு இடைவெளிதான் குறையும். இதைப் பார்க்காமல் ஒரு துளையைப் போட வேண்டாம்.

பழைய பட்டறை:
நல்ல கேள்வி மேடம். தம்பி, ஹெட் முகத்தில் இழைத்த கோடுகள் தெரிகின்றனவா பாருங்கள். டயல் கேஜால் ஒவ்வொரு வால்வுத் தலையும் முகத்துக்கு எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் வால்வு அமரும் சீட்டை வெட்டி இறக்க வேண்டும்; அதற்கும் எல்லை உண்டு, தாண்டினால் வேறு ஹெட்தான்.

சிறுவாணிக்காரன்:
கோடுகள் தெரிகின்றன, இழைத்திருக்கிறார்கள். ஆனால் சீட்டையும் வெட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது. எட்டு வால்வும் கையேட்டின் அளவுக்குள்தான் இருக்கின்றன. ஒரு துளை எஃகுக் காஸ்கட்டும் புது போல்ட்களும் சொல்லிவிட்டேன். முகத்தை எப்படிச் சுத்தம் செய்வது? பட்டறையில் துரப்பணத்தில் மாட்டும் உராய்வு வட்டு இருக்கிறது.

பழைய பட்டறை:
அந்த வட்டைக் கையால் தொடாதீர்கள். அலுமினியத்தில் குழி விழும், உதிரும் பொடி எண்ணெயோடு போய் பேரிங்கை அரிக்கும். எஃகுக் காஸ்கட்டுக்கு முகம் வழவழப்பாக இருக்க வேண்டும். பழைய நார்க் காஸ்கட் மேடு பள்ளத்தை மன்னிக்கும், இது மன்னிக்காது. பிளாஸ்டிக் சுரண்டியும் கரைப்பானும் பொறுமையும் போதும். பசை எதுவும் தடவாமல் உலர்வாகவே வையுங்கள். பிளாக்கில் போல்ட் துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் துடைத்து எடுத்துவிடுங்கள், இல்லையேல் இறுக்கும்போது பிளாக் வெடிக்கலாம்.

எந்த பிஸ்டனும் உச்சியில் நிற்காதபடி கிராங்கைத் திருப்பிவிட்டுத்தான் ஹெட்டைப் பிளாக்கின்மேல் வைக்க வேண்டும். போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்குங்கள்: முதலில் 40 நியூட்டன் மீட்டர், அடுத்த சுற்றில் 60, பிறகு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி. டைமிங் பெல்ட் எப்படியும் கழன்றிருக்கிறது. அந்த பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்பையும் தெர்மோஸ்டாட்டையும் இப்போதே மாற்றுங்கள். உங்கள் பம்பின் இறக்கை பிளாஸ்டிக்கா, உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹெட் எதனால் சூடானது என்று யாரும் இன்னும் கேட்கவில்லை.

சிறுவாணிக்காரன்:
பிளாஸ்டிக்தான் அண்ணா. இறக்கை தண்டைப் பிடிக்காமல் தனியாகச் சுற்றுகிறது. உலோக இறக்கை உள்ளதைத் தேடுகிறேன். ஒன்று மட்டும்: ஓட்டிய பிறகு ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டுமா?

பழைய பட்டறை:
வேண்டாம். அவை நீளும் போல்ட்கள். ஒருமுறை கோணக் கணக்கில் இறுக்கினால் அவ்வளவுதான். அடுத்தமுறை ஹெட் இறங்கினால் புதியவை வாங்குங்கள்.