கடல்குதிரை மேலேயே மிதக்குது, கீழ இறங்க முடியல – அவசர உதவி

பெர்ஜுந்தை மீன் | இரவு 9:12
ஆண் கடல்குதிரை காலையிலிருந்து தண்ணி மேலேயே நிக்குது. கீழ போகப் பார்க்குது, வால் மேல தூக்கிடுது. நேத்து சாப்பிட்டுச்சு, இன்னைக்குத் தொடல. பெண் நல்லா இருக்கு. என்ன மருந்து போடணும்? இங்க மலேசியாவுல, பெஸ்தாரி ஜெயாவுல ஒண்ணும் கிடைக்காது, குவாலா சிலாங்கூர் போகணும். சீக்கிரம் சொல்லுங்க.

கிள்ளான் உவர்நீர் | 9:20
தம்பி, மருந்து பேர் சொல்றதுக்கு முன்னாடி இதெல்லாம் வேணும். தொட்டி எத்தனை லிட்டர், உயரம் எவ்வளவு? தண்ணி சூடு? உப்பு அளவு? தண்ணியில சேர்ற கழிவு, அதாவது அமோனியா, நைட்ரைட் பார்த்தீங்களா? வயித்துக்குக் கீழ, ஆண் குட்டி சுமக்கிற பை வீங்கியிருக்கா? என்ன தீனி? வாங்கி எத்தனை நாள்?

ஈஜோக் தொட்டி | 9:24
ஏர்ஸ்டோன், அதான் காத்துக்குமிழி விடுற கல், போட்டிருக்கீங்களா? இருந்தா உடனே எடுத்துடுங்க. பெண்ணைக் கவர ஆண் பையைத் திறந்து தண்ணிய உள்ள இழுக்கும், அப்போ பொடிக்குமிழியும் சேர்ந்து போயிடும். பெரும்பாலும் இதுதான் காரணம்.

பழைய உப்பு | 9:31
வாங்குறதுக்கு முன்னாடி படிக்க வேண்டியதை வாங்கின பிறகு கேட்கிறாங்க. கடல்குதிரைக்கு இரைப்பை கிடையாது, பல்லு கிடையாது. தின்னது சீக்கிரம் வெளிய போயிடும், ஒரு நாளைக்கு 2, 3 தடவை போட்டே ஆகணும். தங்கமீன் வளர்க்கிற மாதிரி வளர்க்கிற ஜீவன் இல்ல. முதல்ல வெப்பமானி இருக்கான்னு சொல்லு.

பெர்ஜுந்தை மீன் | 9:40
தொட்டி ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஒண்ணேகால் அடி உயரம். ஏர்ஸ்டோன் 2 இருக்கு. பை பலூன் மாதிரி இருக்கு, குட்டியா இருக்குமோன்னு விட்டுட்டேன். வாங்கி 3 வாரம். வெப்பமானி இல்ல, ஆனா ரூம்ல காத்தாடி ஓடுது.

கிள்ளான் உவர்நீர் | 9:52
குட்டி இருந்தா மிதக்காது. சூல் கொண்ட ஆண் கனமாகி, கம்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். சந்தேகம்னா விளக்கை அணைச்சிட்டுப் பைக்குப் பின்னால டார்ச் அடிங்க. காத்துன்னா வெளிச்சம் தெளிவா ஊடுருவும், குட்டின்னா உள்ள கருப்பா அடைச்சிருக்கும்.

காத்துதான்னா இன்னைக்கு ராத்திரியே எடுக்கலாம். கையைச் சோப்பு இல்லாம கழுவி ஈரமா வச்சுக்குங்க. மீனைத் தண்ணிக்கு வெளிய தூக்காதீங்க, தண்ணிக்குள்ளேயே தலை மேல இருக்கிற மாதிரி நிமிர்த்திப் பிடிங்க. பையோட வாய் பையின் மேல்முனையில ஒரு கோடு மாதிரி இருக்கும். ஊசி கழட்டின மெல்லிய கேனுலா குழாய், முனை மழுங்கினதா இருக்கணும், அதைச் சுழற்றிச் சுழற்றிச் சில மில்லிமீட்டர் மட்டும் உள்ள விடுங்க. பையைக் கீழிருந்து மேலா விரலால மெதுவா தடவினா குமிழி வெளிய வரும். குழாய் போக மறுத்தா அழுத்தாதீங்க, பை கிழிஞ்சுடும். 2 பேர் சேர்ந்து செஞ்சா நல்லது.

மருந்துக்கடை அக்கா | 10:05
திரும்ப வீங்கினா அசெட்டசோலமைட் தேவைப்படும், டையமாக்ஸ்னு சொல்வாங்க. கண் அழுத்தத்துக்குக் கொடுக்கிற மாத்திரை. மருந்துச்சீட்டு இல்லாம கொடுக்க மாட்டாங்க, அதனால கால்நடை டாக்டர்கிட்ட மீனோட வீடியோவைக் காட்டி எழுதி வாங்குங்க.

அளவு: 38 லிட்டருக்கு 250 மில்லிகிராம் மாத்திரை 1. பத்து லிட்டர் வாளின்னா கால் மாத்திரை. தனி வாளியில மட்டும், மெயின் தொட்டியில போடாதீங்க. தினமும் முழுத் தண்ணியும் மாத்தி மறுபடி மருந்து போடணும், 7 நாளைத் தாண்ட வேண்டாம். இந்த மருந்து பசியைக் குறைக்கும், அதனால தீனி தின்னுதான்னு கவனிங்க. சல்பா ஒவ்வாமை உள்ளவங்க மாத்திரையைத் தூளாக்கும்போது கையுறை போட்டுக்குங்க.

தைப்பிங் பவளம் | 10:11
ஏர்ஸ்டோனையே எல்லாரும் குற்றம் சொல்றோம். பையோட உள்சுவர் முழுக்க ரத்தக்குழாய், குட்டிக்கு ஆக்சிஜன் கொடுக்கிற இடம். சூடு, பயம், கெட்ட தண்ணி வந்தா ரத்தத்துல கரைஞ்ச வாயு அங்க பிரிஞ்சு வருது. ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடைக் கையாளுற கார்போனிக் அன்ஹைட்ரேஸ் நொதியைத் தடுக்கிற டையமாக்ஸ் ஏன் வேலை செய்யுது? பைக்குள்ள குமிழி போனதுதான் காரணம்னா மருந்துக்கு அங்க வேலையே இல்லையே.

ஈஜோக் தொட்டி | 10:18
அப்போ பெண்ணுக்கு ஏன் வரல? அதே தண்ணி, அதே சூடு. பை இருக்கிறது ஆணுக்குத்தான்.

தைப்பிங் பவளம் | 10:23
பெண்ணுக்கும் வரும் அண்ணே. வால் தோலுக்கு அடியில கொப்புளமாவும், உடம்புக்குள்ளேயும் வரும். ரத்தக்குழாய் நெருக்கமா இருக்கிறதால ஆணுக்குப் பையில முதல்ல தெரியுது, அவ்வளவுதான்.

ஈஜோக் தொட்டி | 10:29
சரி, ஆனா பம்ப்போட இழுகுழாய்ல காத்து கசிஞ்சு பொடிக்குமிழி வர்றதையாவது ஒத்துக்குங்க. அது தண்ணிக்குள்ள வாயுவை அளவுக்கு மீறிக் கரைக்கும்.

தைப்பிங் பவளம் | 10:31
அதை நான் மறுக்கவே இல்ல. பம்ப் சீறினாலோ, வெளிய வர்ற தண்ணி பால் மாதிரி தெரிஞ்சாலோ மூடியையும் இழுகுழாய் இணைப்பையும் பாருங்க. நீங்க சொன்ன ஏர்ஸ்டோன் வேற விஷயம்.

பழைய உப்பு | 10:38
ரெண்டு பேரும் அடிச்சிக்கிறதை நிறுத்துங்க. கணக்கைப் பாருங்க. அந்தத் தொட்டி 70 லிட்டர் கூட வராது, ஒரு ஜோடிக்கு 110 வேணும். உயரம் 38 சென்டிமீட்டர். மீனை நிமிர்த்தி அளந்த உயரத்தைப் போல மூணு மடங்கு வேணும், 15 சென்டிமீட்டர் குதிரைக்கு 45. நம்ம ஊர் அறைச் சூடு 29, 30. இந்த மீனுக்கு 23லிருந்து 25. 27 தாண்டினா மீனுக்கு நோய் தர்ற விப்ரியோ பாக்டீரியா பெருகும். எத்தனை தடவை காத்து எடுத்தாலும் திரும்ப வீங்கும். சில்லர், அதான் தண்ணியைக் குளிர வைக்கிற மெஷின், இல்லாம இந்த மண்ணுல கடல்குதிரை கூடாது, முடிஞ்சது.

கிள்ளான் உவர்நீர் | 10:47
அண்ணே சொல்றது சரி, ஆனா சில்லர் வர்ற வரைக்கும் என்ன செய்யணும்னும் சொல்லணுமில்ல. தண்ணி மேற்பரப்புல நேரா காத்து படுற மாதிரி சின்ன காத்தாடி வச்சா 2, 3 டிகிரி இறங்கும். மழை நேரத்துல ஈரப்பதம் ஜாஸ்தி, அப்போ இறங்காது. ஆவியாகிற தண்ணிக்குப் பதில் குளோரின் நீக்கின நல்லதண்ணிதான் ஊத்தணும், உப்புத்தண்ணி ஊத்தினா உப்பு ஏறிடும். உப்புத்தண்ணியோட ஒப்படர்த்தி 1.023 பக்கம் நிக்கட்டும். ஐஸ் பாட்டில் போட்டா சூடு ஏறி இறங்கி மீனை இன்னும் வதைக்கும்.

ஈஜோக் தொட்டி | 10:55
தீனி என்னன்னு இன்னும் சொல்லல. ஆர்ட்டீமியாங்கிற பொடி உப்புநீர் இறால் மட்டும் போட்டா சத்து பத்தாது. உறைய வச்ச மைசிஸ், இறால் மாதிரி இருக்கிற குட்டி உயிரி, முக்கியம். கடல்ல பிடிச்ச மீன்னா உறைஞ்சதைத் தொடாது, உயிரோட கெராகாவ், அதான் பொடி இறால், கொடுத்துப் பழக்கணும். தோட்டத்து ஓடையில பிடிச்ச இறாலைப் போட்டுடாதீங்க. பாராகுவாட் களைக்கொல்லியை 2020லேயே தடை பண்ணிட்டாங்க, ஆனா செம்பனைக்கு அடிக்கிற மத்த மருந்தெல்லாம் மழையோட ஓடைக்குத்தான் வருது.

தைப்பிங் பவளம் | 11:02
கடல்ல பிடிச்சதா, தொட்டியில பிறந்ததான்னு கட்டாயம் கேட்கணும். 2004லிருந்து எல்லாக் கடல்குதிரையும் சைட்டிஸ் ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல்ல இருக்கு, நாடு விட்டு நாடு விற்கிறதைக் கட்டுப்படுத்துற பட்டியல் அது. ஜொகூர் சுங்கை பூலாய் கடல்புல் திட்டுல இருக்கிறதைப் பிடிச்சு விற்கிறவனை நாம வாழ வைக்கக் கூடாது.

பெர்ஜுந்தை மீன் | மறுநாள் காலை 7:45
டார்ச் அடிச்சேன், வெளிச்சம் தெளிவா வந்துச்சு. தங்கச்சி பிடிச்சுக்கிட்டா, நான் குழாய் விட்டேன். ஏழெட்டு குமிழி வந்துச்சு. இப்போ கீழ செடியைப் பிடிச்சிக்கிட்டு நிக்குது, ஒரு மைசிஸ் தின்னுச்சு. ஏர்ஸ்டோன் எடுத்துட்டேன். வெப்பமானி 29.5 காட்டுது. எல்லாருக்கும் நன்றி.

கிள்ளான் உவர்நீர் | 8:10
நல்ல செய்தி தம்பி. 3 நாள் வரைக்கும் பையைக் காலையும் மாலையும் பாருங்க. அமோனியா எவ்வளவு? அதை மட்டும் இன்னும் சொல்லல.

கிள்ளான் உவர்நீர் | 4 நாள் கழிச்சு
தம்பி, குதிரை எப்படி இருக்கு? அமோனியா பார்த்தீங்களா?