பள்ளியில் குழு ஆலோசனைக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா?

கேள்வி:
நியூ ஜெர்சியில் இருக்கிறோம். விவாகரத்தாகி ஒன்றரை வருடம். மகனுக்கு ஒன்பது வயது. பெற்றோர் பிரிந்த பிள்ளைகள் ஆறு பேரை வாரம் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்காரவைத்துப் பேசுவார்களாம், எட்டு வாரத்துக்கு. திருச்சியிலிருந்து அம்மா, "வீட்டு விஷயத்தை ஊர்ப் பிள்ளைகள் முன்னால் எதற்குடி கடைபரப்புகிறாய்" என்கிறார். எனக்கும் பயம்தான். பையன் அழுவதில்லை, அடம்பிடிப்பதில்லை. வெள்ளிக்கிழமை அவன் அப்பா கார் வருவதற்குள் அடுத்த வாரக் கணக்கையும் சேர்த்துப் போட்டுவிட்டு, வாசலிலேயே நோட்டை அவரிடம் நீட்டுகிறான், அவ்வளவுதான்.

பதில் 1:
இப்படிக் குழு நடத்துகிறவள் நான். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் 1982-ல் ஜோஆன் பெட்ரோ-கரோல் என்ற உளவியலாளர் பெற்றோர் பிரிந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முறையை ஒட்டித்தான் எங்கள் பள்ளியில் செய்கிறோம். யாரையும் வீட்டுக்கதை சொல்லச் சொல்வதில்லை, வாயே திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். இரண்டு பெட்டி வைப்போம்: என்னால் சரிசெய்ய முடிந்தது, முடியாதது. "அப்பா அம்மாவைச் சேர்த்துவைப்பது" என்ற சீட்டு முதல் வாரம் பெரும்பாலும் முதல் பெட்டியில்தான் விழும், அதை அடுத்த பெட்டிக்கு மாற்றத்தான் மற்ற வாரங்கள் எல்லாம். இங்கே பேசியது வெளியே போகக்கூடாது என்று சொல்வோம், ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைகள், உத்தரவாதமெல்லாம் தரமுடியாது. வீட்டில் அடிதடி இருந்தாலோ வழக்கு இன்னும் நடந்தாலோ தனி ஆலோசனைதான் சரி. அவன் அப்பாவும் கையெழுத்துப் போடவேண்டுமா என்று பள்ளியில் கேட்டுவிடுங்கள். அப்புறம் ஒன்று, தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் இருவரும் அவன் படிப்பை வைத்துச் சண்டை போட்டதுண்டா?

பதில் 2:
அக்கா, நான் மதுரை. எங்கள் காலத்தில் குழுவாவது ஒன்றாவது. அப்பா துபாயில் இருக்கிறார் என்று சொல்லியே பத்தாவது வரை ஓட்டினேன். என் பெஞ்சிலேயே இருந்த இன்னொருவனின் அப்பாவும் அதே மாதிரி 'துபாயில்'தான் இருந்தார் என்பது கல்லூரி முடித்தபிறகு ஒரு கல்யாணப் பந்தியில்தான் தெரிந்தது, இருவரும் சாம்பாரை விட்டுவிட்டுச் சிரித்தோம். கடைபரப்புவதாகப் பாட்டி சொல்வது சரி, ஆனால் அங்கே வந்திருக்கும் ஆறு பேரிடமும் அதே சரக்குதானே இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
ஆமாம், கணக்கை யார் சொல்லித்தருவது என்பதில்தான் பாதிச் சண்டை. இரண்டையும் நான் இதுவரை சேர்த்துப் பார்க்கவே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவருக்கும் படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், நீல டிக் வந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. பையனிடம் சொன்னேன். பீட்சா தருவார்களா என்று மட்டும் கேட்டான்.